டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ்: நாளுக்கு ஒரு பக்கம் கேட்கும் தளம்

பழைய நூல்களை மின்னூலாக்கும் குட்டன்பர்க் திட்டத்துக்குத் துணையாக 2000ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபிராங்க்ஸ் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ் தளம், தன்னார்வலர்களின் உழைப்பில் இன்றும் இயங்கிவருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நிகழ்ச்சி, கையில் ஒரு சான்றிதழ், அதன்பின் காலை வணக்கம் மட்டுமே வந்து விழும் வாட்ஸ்அப் குழு என்று வந்தவர்களைத் தொலைத்துவிடும் தொண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்கள், இதில் ஒரு கணக்குத் தொடங்கிப் பார்ப்பது நல்லது.

தளம் கேட்பது நாளுக்கு ஒரு பக்கம், அதுவும் கட்டாயமில்லை. திரையில் அச்சுப் பக்கத்தின் படமும், கணினி அதிலிருந்து படித்தெடுத்த எழுத்துகளும் அருகருகே தெரியும். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, ஆங்கிலத்தில் 'ஹீ' என்று இருக்க வேண்டிய இடத்தைக் கணினி 'பீ' என்று படித்திருந்தால் திருத்தி, சேமித்துவிட்டு எழுந்துவிடலாம். 2002 நவம்பரில் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் இதைப் பற்றிய செய்தி வந்தபோது ஒரே நாளில் 4,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கூட்டம் போட்டுப் பயிற்சி தந்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் எந்த அலுவலகமும் அந்த எண்ணிக்கையில் திணறிப்போயிருக்கும்.

எளிமை ஆளை வரவழைக்கும்; நிலைக்க வைக்காது. நாம் திருத்திய பக்கம் அடுத்த சுற்றில் வேறொருவர் கைக்குப் போகிறது, அவர் எதையெல்லாம் மாற்றினார் என்பதை நாமே திறந்து பார்த்துக்கொள்ளலாம். தொடக்கநிலையினருக்கென ஒதுக்கிய நூல்களில், அனுபவம் மிக்கவர்கள் தவறுகளைச் சுட்டித் தனிமடலும் எழுதுகிறார்கள். மெய்ப்புக்கு (பிழைதிருத்தத்துக்கு) மூன்று சுற்று, வடிவமைப்புக்கு இரண்டு சுற்று என அமைந்த வரிசையில், செய்த வேலையைக் காட்டித்தான் மேலே ஏற முடியும். பாராட்டு மடல்களைவிட, கடினமான பொறுப்பை நம்பி ஒப்படைப்பதே ஒருவரைத் தங்கவைக்கிறது என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. விதிமுறைகள் நீளமானவை, நூலாசிரியரின் எழுத்துப்பிழையைத் தொடக் கூடாது, வரி முறிவை மாற்றக் கூடாது, பக்கத்தின் இறுதியில் சொல் உடைந்தால் சிறுகோட்டுக்கு (-) அடுத்து உடுக்குறி (*) இட வேண்டும். (சிவப்பு மையோடு பிறந்தவர்களுக்கு முதல் விதி பெருஞ்சோதனை.) மேல்சுற்றுகளிலும் இறுதித் தொகுப்பிலும் ஆள் குறைவு என்பதால், முதல் சுற்றைச் சில நாள்களில் முடித்த நூல் வெளிவர ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் வழக்கம், தம் உழைப்பின் பலனைக் காணாமலே புதியவர்கள் விலகிவிடுவதற்கு இது போதும்.

வெளிவரும் நூலின் முகப்பிலும், பக்கம் பக்கமாகத் திருத்தியவர்கள் பெரும்பாலும் குழுவின் பொதுப்பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய நம் மதுரைத் திட்டம் இவ்வகையில் மேல்: அங்கும் கூட்டு மெய்ப்பு முறையில் உருவான மின்னூல்கள் உண்டு, அவற்றின் தொடக்கத்தில் உதவிய தன்னார்வலர்களின் பெயர்களை வரிசையாகத் தந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்த வழக்கத்தை இவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.