அடுத்த கான்ட்ராக்ட் வரும் வரை: காத்திருப்பதா, ரேட்டைக் குறைப்பதா, சில்லறை வேலை பிடிப்பதா?

ஐடி கம்பெனியில் இருக்கும்போது புராஜெக்ட் எதுவும் கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தாலும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். ஃப்ரீலான்ஸுக்கு வந்தபிறகு பெஞ்சும் நம்முடையது, அதில் உட்காருவதற்கான சம்பளத்தையும் நாமேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இப்படி நீண்ட இடைவெளி இரண்டு முறை வந்தது. முதலாவது 5 மாதம், இரண்டாவது 7 வாரம். முதல் தடவை செய்த பல காரியங்களைத் தப்பான வரிசையில் செய்துவிட்டேன் என்பது பின்னால்தான் புரிந்தது, அதனால்தான் இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கையில் எத்தனை மாதம் இருக்கிறது என்று சரியாக எண்ண வேண்டும். நாலு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, நாலு மாதம் தேடலாம் என்று நினைப்போம். ஆனால் இன்றைக்கே ஒரு கான்ட்ராக்ட் உறுதியானாலும் கையெழுத்து, லாகின், லேப்டாப் என்று வேலை தொடங்க 3 வாரம் ஓடிவிடும், அப்புறம் ஒரு மாதம் வேலை செய்து இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும், அதற்குப் பணம் கொடுக்க 30 நாள் கெடு என்றால் முதல் பணம் கைக்கு வரவே கிட்டத்தட்ட 3 மாதம். கெடு 60 நாள் என்றால் ஏறக்குறைய 4 மாதம். அதாவது நாலு மாதச் சேமிப்பு என்பது உண்மையில் ஒரு மாதத் தேடல், சில சமயம் அதுவும் இல்லை. இன்னொரு சிக்கல், பழைய கான்ட்ராக்டின் கடைசி இன்வாய்ஸ் பணம் முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்கு வந்துகொண்டே இருப்பதால் இடைவெளி தொடங்கியதே மனதில் உறைக்காது. எனக்கு உறைத்தபோது இரண்டாவது மாதம் முடிந்திருந்தது.

சரி, பெரும்பாலானவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். வழக்கமான ரேட்டுக்குக் காத்திருப்பதா, குறைந்த ரேட்டில் வந்ததைப் பிடிப்பதா? 6 மாத கான்ட்ராக்ட் ஒன்று 25 சதவீதம் குறைவான ரேட்டில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்தால் 6 மாதத்தில் நாலரை மாத வருமானம். எடுக்காமல் ஒன்றரை மாதம் சும்மா இருந்து, மீதி நாலரை மாதம் முழு ரேட்டில் வேலை செய்தாலும் அதே தொகைதான். ஆக, ஒன்றரை மாதத்துக்குள் நல்ல வேலை கிடைத்துவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால், அதாவது இப்போதே இரண்டு மூன்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தால், காத்திருப்பது நஷ்டமில்லை. பேச்சே எதுவும் இல்லை, வெறும் நம்பிக்கைதான் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, அந்த வேலையை எடுத்துவிடுங்கள். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது இந்த நிலைமைக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது.

குறைத்த ரேட் அந்த 6 மாதத்தோடு முடிந்துவிடுவதில்லை. நீட்டிப்பு வந்தால் அதே ரேட்டில்தான் வரும், அதே ரெக்ரூட்டர் அடுத்த தடவையும் அந்த எண்ணை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார். அதனால் குறைக்கத்தான் வேண்டும் என்றால் ரேட்டைத் தொடாமல் வேறு ஏதாவது ஒன்றைக் குறைக்கப் பாருங்கள். வாரம் 5 நாளுக்குப் பதில் 3 நாள் என்று கேட்கலாம், மீதி 2 நாள் தேடுவதற்குக் கிடைக்கும். 6 மாதத்துக்குப் பதில் 2 மாதம் என்று ஒப்பந்தத்தைச் சுருக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் ஒப்பந்தத்தில் முழு ரேட்டையே எழுதி, முதல் மாதங்களுக்கு மட்டும் தள்ளுபடி என்று இன்வாய்ஸில் தனி வரியாகக் காட்டுங்கள். எங்கிருந்து குறைத்தோம் என்பது இருவர் கண்ணுக்கும் தெரியும் என்பதால், பிறகு ஏற்றிக் கேட்கும்போது வாக்குவாதம் குறையும்.

அடுத்தது அப்வொர்க், ஃபைவர் போன்ற, ஃப்ரீலான்ஸ் வேலை தேடும் இணையத் தளங்களா, பழைய கிளையண்ட்டா என்பது. தளங்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அவற்றை வைத்தே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இடைவெளி தொடங்கிய பிறகு அங்கே புதுக் கணக்கு திறப்பது தாமதமான வேலை. மதிப்பீடு ஒன்றுகூட இல்லாத புரொஃபைலுக்கு முதல் சில வேலைகள் மிகக் குறைந்த விலையில்தான் வரும், அதிலும் ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அப்வொர்க் 2023-இல் கட்டணத்தை ஒரே சீராக 10 சதவீதம் என்று மாற்றியது, 2025 முதல் அது கான்ட்ராக்டைப் பொறுத்து 15 சதவீதம் வரை போகலாம். அங்கே விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. காசை விட நேரம்தான் எனக்கு உறுத்தியது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எட்டு பேருக்குப் பொறுப்பாக எழுதி அனுப்பினால் ஒருவர்கூடப் பதில் போடாத நாட்கள் இருக்கும், அந்த மௌனம் பணத்தை விட அதிகமாக ஆளைக் கரைக்கிறது. நல்ல காலத்திலேயே சின்னச் சின்ன வேலை செய்து கணக்கை உயிரோடு வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்ட காலத்தில் அது கைகொடுக்கும்.

பழைய கிளையண்ட்டுக்கு எழுதக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. "ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டால் "இருந்தா சொல்றேன்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக அவர்களுடைய சிஸ்டத்தைப் பற்றி அவர்களுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம் நோட் ஜேஎஸ் (Node.js) மென்பொருளின் 18-ஆம் பதிப்பில் ஓடுகிறதா? அதற்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. பைத்தான் மொழியின் 3.9 பதிப்புக்கு 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, மாற்ற இத்தனை நாள் ஆகும், இன்னின்ன இடங்களில் உடையும் என்று பத்து வரியில் எழுதினால் அது கெஞ்சலாகத் தெரியாது, ஏனென்றால் அது உண்மையிலேயே அவர்களுக்குத் தேவையான தகவல். இரண்டில் எது என்று கேட்டால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பழைய கிளையண்ட் என்பேன்.

சான்றிதழ் படிப்பு எங்கே வருகிறது? முதல் இடைவெளியில் நான் முதலில் செய்ததே இதுதான், 6 வாரம் போனது, அந்தச் சான்றிதழைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படிக்கும்போது ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதி கிடைக்கிறது, யாரிடமும் பேசாமல் இருப்பதற்கு அது மரியாதையான காரணமாகவும் ஆகிவிடுகிறது. அதோடு இவற்றுக்குக் காலாவதி உண்டு. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் சான்றிதழ் 3 வருடம், சர்வர்களை நிர்வகிக்க உதவும் குபர்நெட்டிஸ் மென்பொருளுக்கான சிகேஏ சான்றிதழ் 2 வருடம், மைக்ரோசாஃப்டின் பல சான்றிதழ்களை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கக் கட்டணம் இல்லை என்பது மட்டும் ஆறுதல். உங்களுக்கு வேண்டிய வேலை விளம்பரங்கள் பத்தில் நாலு ஒரு குறிப்பிட்ட சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்டால் படியுங்கள், அதுவும் காலையில் ஆட்களிடம் பேசி முடித்த பிறகு.

நிரந்தர வேலைக்குப் போவது தோல்வி கிடையாது. சேமிப்பு கரைந்து தூக்கம் போகிறது என்றால் போய்விடுங்கள். சேரும் முன் வெளி வேலை செய்யத் தடை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டே மாதத்தில் விட்டுவிடும் எண்ணத்தோடு மட்டும் சேராதீர்கள், சேர்த்துவிட்டவரின் பெயரும் கெடும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ரீடெய்னர். மாதம் சில மணி நேரப் பராமரிப்பு, நிலையான ஒரு தொகை. வழக்கமான கான்ட்ராக்ட் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் சின்னதுதான், ஆனால் இரண்டு மூன்று சேர்ந்தால் வீட்டுச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும், கையிருப்பு கரையும் வேகம் குறையும். அதைவிட முக்கியம், மாதத்துக்கு ஒரு முறையாவது கிளையண்ட் உங்களிடம் பேசுகிறார், அவருக்குப் புது வேலை தோன்றும்போது முதலில் உங்கள் ஞாபகம்தான் வருகிறது. குறை என்னவென்றால் பெரும்பாலும் இதை ஒரு புராஜெக்ட் முடியும் தறுவாயில், அவர்கள் உங்கள் வேலையில் திருப்தியாக இருக்கும்போதுதான் கேட்டு வாங்க முடியும். முதல் இடைவெளிக்கு முன்னால் அப்படிக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை வேலை முடிந்த அந்த வாரமே நாலு பழைய கிளையண்ட்டுகளுக்கு அவரவர் சிஸ்டத்தைப் பற்றி எழுதினேன். இருவர் பதிலே போடவில்லை, ஒருவர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நாலாமவர் 5-ஆவது வாரம் கூப்பிட்டு, "நீங்க சொன்ன அந்த அப்கிரேடை இப்ப பண்ணிடலாமா?" என்று கேட்டார். 2 வார வேலைதான். அதை முடித்துக் கொடுக்கும்போது மாதம் 6 மணி நேரப் பராமரிப்புக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.