47-ஆ, 20-ஆ? இங்கிலாந்து அடிதடி வழக்கில் நான் எடுத்த பிரிவு

பப் வாசலில் தகராறு. ஒருவன் இன்னொருவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறான். விழுந்தவனின் நெற்றி படியில் மோதிக் கிழிந்து தையல் போடும்படி ஆகிறது. சட்டக் கல்லூரி மாதிரி விசாரணைக்கு எங்களிடம் கொடுத்த கதை இது. நான் அரசுத் தரப்பு. உடலுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1861-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தின் 47-ஆம் பிரிவா (உடற்காயம் விளைவித்த தாக்குதல்), 20-ஆம் பிரிவா (தோல் கிழியும் காயம் அல்லது கொடுங்காயம்)? நான் எழுதியது 47.

தண்டனையை வைத்துத் தேர்வு செய்ய வழியில்லை. இரண்டுக்கும் உச்சம் 5 ஆண்டுகள்தான். 18-ஆம் பிரிவு ஆயுள் வரை போகும், ஆனால் கொடுங்காயம் செய்யும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். ஒரு தள்ளலுக்கு அது பேராசை.

காயத்தை மட்டும் பார்த்தால் 20 கவர்ச்சியானது. தோல் முழு ஆழத்துக்கு அறுபட்டால் போதும். ஐசன்ஹவர் வழக்கில் ஏர்கன் குண்டு பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தும், தோல் அறுபடாததால் அது இந்த வகையில் சேரவில்லை. நம் ஆளுக்கோ நெற்றியே கிழிந்திருக்கிறது. என் குழுவில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் மல்லுக்கட்டினார்கள்.

ஆனால் 20-க்கு இன்னொன்றும் வேண்டும். சிறிதளவாவது அடிபடலாம் என்று தள்ளியவனுக்கே அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றியிருக்குமே என்பது போதாது. "விலகட்டும் என்றுதான் தள்ளினேன், விழுவான் என்று நினைக்கவேயில்லை" என்று அவன் கூண்டில் நிதானமாகச் சொன்னால் ஜூரி தயங்கும். 47-க்கு அந்தத் தொல்லை கிடையாது. வேண்டுமென்றே தள்ளினான், அதனால் காயம் வந்தது, அவ்வளவே.

1991-இல் பிரபுக்கள் சபை (அன்று அதுதான் மேல்முறையீட்டின் உச்ச மன்றம்) தீர்த்த சாவேஜ் வழக்கு இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. கணவரின் முன்னாள் காதலி மீது பீரை வீசிய பெண்ணின் கையிலிருந்து கிளாஸ் நழுவி உடைந்து, எதிராளியின் மணிக்கட்டைக் கிழித்தது. காயம் வரும் என்று அவருக்குத் தோன்றியதா என்ற கேள்வியை ஜூரிக்குச் சரியாக எடுத்துச் சொல்லாததால் 20 கவிழ்ந்தது. பீரை வீசியதே தாக்குதல் என்பதால் 47 நின்றது. 1971-இன் ராபர்ட்ஸ் வழக்கிலும், ஓடும் காரில் இருந்த ஒரு பெண், தன் கோட்டைப் பிடித்துக் கழற்ற முயன்றவனிடமிருந்து தப்ப வெளியே குதித்தார். அவர் குதிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை என்ற அவனது வாதம் எடுபடவில்லை.

எண்ணிப் பார்க்காத காயத்துக்கும் அதே 5 ஆண்டு என்பது நியாயமா என்று கேட்டால், எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. அரசுத் தரப்பில் உட்கார்ந்தவனுக்கு அது சௌகரியம்.

20-ஐ எழுதினாலும் கிரவுன் கோர்ட் (பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) ஜூரி அதைத் தள்ளிவிட்டு 47-இல் குற்றவாளி என்று தீர்க்கலாமே என்றார்கள் தோழர்கள். சரிதான், ஆனால் ஜூரி இல்லாத கீழ்நிலை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அந்த வசதி இல்லை. நிஜ வழக்கில் வாதாடிய அனுபவம் எனக்கில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல மாட்டேன். சிறிய வெட்டுக்காயங்களுக்கு 47 போதும் என்பதுதான் அரசு வழக்குத் துறையின் வழிகாட்டுதலும். மண்டை ஓடு உடைந்திருந்தால் நானும் 20-ஐத்தான் எழுதியிருப்பேன்.