அட்வான்ஸ் கொடுத்தது நான், அக்ரிமென்ட்டில் இருப்பது இன்னொருவர் பெயர்

மனை வாங்க முன்பணம் கொடுத்துவிட்டுக் கிரயத்துக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நிலத்தின் விலையில் நான்கில் ஒரு பங்கைக் கொடுத்த பிறகும், "எனக்கு எழுதிக் கொடு" என்று கேட்டு அந்த உரிமையாளர் மேல் வழக்குப் போடும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டேன். அதில் போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், பொய்க் கையெழுத்து எதுவும் கிடையாது. எனக்குக் காட்டிய காகிதங்கள் அத்தனையும் அசல். அதனால்தான் நானும் ஏமாந்தேன்.

இடத்தைக் காட்டிய புரோக்கர், நில உரிமையாளரோடு தனக்கு ஏற்கெனவே விற்பனை ஒப்பந்தம் இருப்பதாகச் சொன்னார். ஆறு மாதக் கெடு, அதில் நாலு மாதம் மிச்சம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஒப்பந்தம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், அதிலும் ஏறியிருந்தது. "என் பேர்ல கிரயம் வாங்கி அப்புறம் உங்களுக்கு எழுதினா ரெண்டு தடவை முத்திரைத் தீர்வை ஆகும் தம்பி. நேரா ஓனரே உங்களுக்கு எழுதிக் கொடுத்திடுவாரு" என்றார். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியையும் காட்டினார்: "தாங்களோ அல்லது தாங்கள் காட்டும் நபரோ மீதித் தொகையைச் செலுத்திக் கிரயம் பெற்றுக்கொள்ள வேண்டியது." அந்த "காட்டும் நபர்" நான்தான் என்று நம்பினேன். உரிமையாளரும் ஒரு நாள் நேரில் வந்து எல்லைக்கல்லைக் காட்டிவிட்டுப் போனார். அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

முன்பணத்தில் பாதியைக் காசோலையாகவும் பாதியை ரொக்கமாகவும் புரோக்கரிடம் கொடுத்தேன். வெள்ளைத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, "மேற்படி சொத்து வகைக்காகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று இரவு என் மனைவி ஒப்பந்த நகலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம பேரு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். பத்திரம் எழுதும்போது வரும் என்று சொல்லி நகலை வாங்கி வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு அன்றே பதில் தேடியிருந்தால் இந்தப் பதிவை எழுதும் நிலை வந்திருக்காது.

கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது புரோக்கர் போனை எடுப்பதை நிறுத்தினார். மறுபடியும் வில்லங்கச் சான்று போட்டேன். புதிதாக இரண்டு பதிவுகள் ஏறியிருந்தன. ஒன்று, உரிமையாளரும் புரோக்கரும் சேர்ந்து எழுதிய ஒப்பந்த ரத்துப் பத்திரம். அடுத்த எண்ணிலேயே வேறொருவருக்குக் கிரயம். இரண்டுக்கும் ஒரே தேதி. திரையில் அந்த இரண்டு வரிகளையும் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் போன வக்கீல் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, காகிதங்களைச் சரியாகப் பார்க்காமலேயே உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பினார். பதில் நோட்டீஸில் இருந்த முக்கியமான வரி ஒன்றுதான்: தங்கள் கட்சிக்காரருடன் என் கட்சிக்காரர் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் "வழக்குப் போட்டுடலாம், போட்டுடலாம்" என்றே இழுத்தார். இரண்டாவதாகப் பார்த்த வக்கீல் அம்மாதான் ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தார். படித்து முடித்து, "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதை என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன். ஒப்பந்தப்படி கிரயம் எழுதித் தரச் சொல்லிப் போடும் வழக்குக்குத் தமிழில் "ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு" என்று பெயர். 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தில் 15ஆவது பிரிவு, அந்த வழக்கை யார் போடலாம் என்று வரையறுக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்பினர் போடலாம். அந்தத் தரப்பினரின் உரிமை யாருக்கு வந்து சேர்ந்ததோ அவர் போடலாம். வாரிசுகளும், உரிமையை எழுதி வாங்கியவர்களும் இதில் அடக்கம். தரப்பினர் வேறொருவருக்கு ஏஜென்ட்டாக இருந்து கையெழுத்திட்டிருந்தால், அவரை ஏஜென்ட்டாக வைத்தவரும் போடலாம். குடும்ப சமரச ஒப்பந்தம் போன்றவற்றில் அதனால் பயன்பெறுபவருக்கும் தனியாக இடம் உண்டு. என் கதைக்குத் தேவையானவை முதல் மூன்றும்தான்.

நான் தரப்பினர் இல்லை. சரி, புரோக்கர் எனக்காகத்தானே வாங்கினார், அவரை என் ஏஜென்ட் என்று சொல்லலாமே என்று கேட்டேன். வக்கீல் அம்மா ஒப்பந்தத் தேதியில் விரலை வைத்தார். பிறகு என் ரசீதின் தேதியில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம். "இவர் அந்த ஒப்பந்தம் போட்டபோது உங்களைப் பார்த்ததே இல்லை. பிறகு எப்படி உங்கள் ஏஜென்ட் ஆவார்?" அந்த வழி அதோடு அடைந்தது.

மீதி இருந்தது உரிமை மாற்றம். பொதுவாக ஒரு விற்பனை ஒப்பந்தத்தில் வாங்குபவருக்கு உள்ள உரிமையை அவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஒப்பந்தத்திலேயே மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தாலோ, வாங்குபவரின் தனிப்பட்ட தகுதியையோ பணவசதியையோ பார்த்துத்தான் அந்த ஒப்பந்தமே போடப்பட்டது என்றாலோ நிலைமை வேறு. என் விஷயத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் மாற்றிக் கொடுத்ததற்கான எழுத்து எங்கே? என்னிடம் இருந்தது பணம் வாங்கியதற்கான ரசீது. "என் ஒப்பந்த உரிமை முழுவதையும் இவருக்கு மாற்றிக் கொடுத்தேன்" என்று ஒரு வரி அதில் இல்லை. "தாங்கள் காட்டும் நபர்" என்பது, யார் பெயரில் பத்திரம் வேண்டும் என்று சொல்ல புரோக்கருக்கு இருந்த வசதி. என்னைக் காட்டி, எனக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி உரிமையாளரைக் கேட்கவும், கொடுக்காவிட்டால் வழக்குப் போடவும் அவரால் முடியும், என்னால் முடியாது. அவரோ ரத்துப் பத்திரத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார்.

புதிதாக வாங்கியவரையாவது கேட்கலாமா என்றும் விசாரித்தேன். அதே சட்டத்தின் 19ஆவது பிரிவில் வழி இருக்கிறது. முந்தைய ஒப்பந்தம் தெரியாமல், நல்ல நம்பிக்கையில் முழுப் பணமும் கொடுத்து வாங்கியவரைத் தவிர, பிறகு வந்த மற்றவர்களையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் தெரியாது என்று சொல்வதும் கடினம். ஆனால் இதெல்லாம் செல்லுபடியாகும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான். எனக்கு அந்த முதல் படியே இல்லை.

நான் செய்திருக்க வேண்டியது அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை. அதைத்தான் நினைத்து நினைத்து வருந்துகிறேன். உரிமையாளர், புரோக்கர், நான் மூன்று பேரும் கையெழுத்திடும் ஒரு முத்தரப்பு ஒப்பந்தம் போட்டிருக்கலாம். இல்லையென்றால் புரோக்கர் தன் உரிமையை எனக்கு மாற்றிக் கொடுப்பதாகவும், உரிமையாளர் அதற்குச் சம்மதிப்பதாகவும் எழுதிப் பதிவு செய்திருக்கலாம். முன்பணத்தை அந்தக் கையெழுத்து நாளில், உரிமையாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம். இதற்கு ஒத்துக்கொள்ளாத புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள். "முத்திரைத் தீர்வை மிச்சம்" என்ற பேச்சில் மயங்காதீர்கள், நான் மயங்கினேன்.

இதை வெளியில் சொல்ல ஆரம்பித்த பிறகு பலர் தங்கள் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அவருடையது, ஒப்பந்தம் மட்டும் தம்பி பெயரில். நாளைக்கு தம்பி மனம் மாறினால் அண்ணனின் பாடும் என் பாடுதான், இன்னும் மோசமாக பினாமிச் சட்டமும் குறுக்கே வரலாம். அண்ணன் பெயரில் ஒப்பந்தம் போட்டு, தம்பிக்குப் பவர் மட்டும் கொடுப்பது மேல். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர் பணத்தோடு தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்று வழக்கில் நிரூபித்தாக வேண்டும். அது வாங்குபவரின் மனதும் கையிருப்பும் சம்பந்தப்பட்டது, பவர் ஏஜென்ட் வந்து அவருக்குப் பதிலாகச் சாட்சி சொல்வது பொதுவாக எடுபடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் மான் கௌர் வழக்கில் சொல்லியிருக்கிறது. வழக்கு என்று வந்தால் அண்ணனே வந்து கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கு விவரங்களை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுத் தொழில் நடத்துபவர்கள் நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் போடும் முன், அந்தக் கூட்டாண்மை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகாத கூட்டாண்மை தன் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆவது பிரிவு தடையாக நிற்கும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாமல் விட்டவர்கள் உடனே கைவிட வேண்டாம். பதிவாகாத ஒப்பந்தத்தையும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே தீர்ப்பளித்தது. ஆனால் பதிவில்லாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. அடுத்து வாங்குபவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அது கதவைத் திறந்துவிடும்.

காலக்கெடுவையும் மறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கிரயத்துக்குத் தேதி குறித்திருந்தால் அதிலிருந்து 3 ஆண்டுகள். குறிக்காவிட்டால், மறுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். என் முதல் வக்கீல் வீணாக்கிய எட்டு மாதமும் இந்த மாதிரிக் கணக்கில்தான் கரைந்தது. வழக்குப் போடும்போது, கிரயம் கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தர வேண்டும் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது.

காவல் நிலையத்தில் என் புகாரைப் படித்துவிட்டு, இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது புரோக்கர் மேல் பண வசூல் வழக்கு மட்டும் போட்டிருக்கிறேன். காசோலையாகக் கொடுத்த பாதிக்கு வங்கிப் பதிவு இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு அந்த வெள்ளைத்தாள் ரசீதுதான். அது தன் கையெழுத்தே இல்லை என்று அவர் பதில் மனு போட்டிருக்கிறார்.

இப்போது யாராவது என் இடத்தில் இருந்தால், இன்றைக்கே வில்லங்கச் சான்று ஒன்று போடுங்கள். ரத்துப் பத்திரம் ஏறாமல் இருந்தால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த உரிமை மாற்றத்தில் உரிமையாளரின் கையெழுத்தையும் சேர்த்து இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.