சீனி வருத்தக்காரருக்கும் இடமுள்ள அம்மாச்சி உணவகம்

சீனி வருத்தம் (நீரிழிவு) என்று தெரிந்த பிறகு எனக்கு மாத்திரை பெரிய பாரமாக இருக்கவில்லை. நாலு பேரோடு இருந்து சாப்பிடுவதுதான் பாரமாகிப் போனது. கலியாண வீட்டுப் பந்தியில் "ரீச்சர், உங்களுக்கு இது கூடாதே" என்று யாராவது சொன்னால் இருக்கிற பசியும் போய்விடும். யாழ்ப்பாணம் திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் அந்தக் கரைச்சல் இல்லை.

விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே நடத்தும் இடம் இது. ஊர்ச் சாப்பாட்டைக் கண்முன்னே சமைத்துத் தருகிறார்கள். நான் விரும்பி வாங்குவது குரக்கன் (கேழ்வரகு) புட்டு. ஆவி பறக்கக் கொட்டும்போதே வறுத்த மாவின் மணம் வரும். கையால் உதிர்த்தால் கட்டி தட்டுப்படாது. தேங்காய்ப்பூவும் அளவாக இருக்கும். கட்டைச் சம்பலை ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டால் வேறு கறி தேவையில்லை. எனக்கு இன்னும் பிடித்த விடயம், கொஞ்சமாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொஞ்சமாகவே தருவது. தேநீர் வாங்கும்போது "சீனி போடவா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறார்கள். புதிதாக இந்த வருத்தம் வந்தவருக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு ஆறுதல் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

ஆனால் ஊர்ச் சாப்பாடு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். குரக்கன் மாவு 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாச்சத்துத்தான். அரிசிக்கும் அதற்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்துக் கூடுதலாக இருப்பதுதான் குரக்கனின் நன்மை. பனங்கட்டியும் உடம்புக்குள் போனால் சீனியின் வேலையைத்தான் செய்யும். ஆகவே கொழுக்கட்டையையும் மற்ற இனிப்புப் பலகாரங்களையும் நான் தொடுவதில்லை. காயவைத்த பனங்கிழங்கின் மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் அருமையான சாப்பாடு. அதிலும் மாவு இருப்பதால் கூழ் குடிக்கும் நாளில் புட்டு வாங்குவதில்லை.

சந்தேகப்படுபவர்கள் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சோதித்துப் பாருங்கள். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சீனி 180 mg/dL-க்குக் கீழே நிற்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அளவான புட்டுக்கு எனக்கு 160-ஐ ஒட்டி நிற்கிறது. வீட்டில் சொதியை ஊற்றி ஊற்றி இடியப்பம் சாப்பிட்ட இரவுகளில் 200-ஐத் தாண்டியிருக்கிறது. உங்கள் உடம்பின் கணக்கு வேறாக இருக்கலாம். இலக்கை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

அம்மாச்சிப் பெண்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. எந்தெந்தப் பண்டத்தில் சீனியோ பனங்கட்டியோ சேர்கிறது என்று ஒரு பலகையில் எழுதி வைத்தால், கேட்கக் கூச்சப்படும் வயதானவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

விலை கையைக் கடிக்காது. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் மாணவர் கூட்டம் சேர்ந்துவிடும். மாத்திரை நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர்கள் சற்று முன்னதாகவே போய்விடுங்கள்.