ராயல்டி தேடித் தருகிறோம் என்று வரும் மஞ்சள் உறை: கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

போன மார்ச்சில் என் மாமியார் வீட்டுக்கு ஒரு மஞ்சள் உறை வந்தது. உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டிய எண்ணெய் ராயல்டி (நிலத்தடி எண்ணெயை விற்பதில் உரிமையாளருக்கு வரும் பங்கு) யாரும் கேட்காமல் கிடக்கிறது, நாங்கள் வாங்கித் தருகிறோம், வந்தால் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு, வராவிட்டால் ஒரு காசும் வேண்டாம் என்று கடிதம். அந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, இதே கடிதத்தை அனுப்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், தொடாதீர்கள்.

நான் கல்யாணமாகி அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கணவர் வீட்டார் கிரீக் ஃப்ரீட்மென் வழி வந்தவர்கள். கிரீக் பழங்குடியினரிடம் அடிமைகளாக இருந்து, 1866 உடன்படிக்கையில் விடுதலையும் குடியுரிமையும் பெற்ற கறுப்பின மக்கள். பிற்பாடு அரசாங்கம் பழங்குடி நிலத்தைப் பிரித்தபோது டாஸ் பட்டியல் என்ற பழங்குடிக் குடிமக்கள் பதிவேட்டில் பெயர் இருந்த குழந்தைக்குக்கூட 160 ஏக்கர் எழுதியது. நல்ல நிலம் பெரும்பாலும் வேறு கைக்குப் போனது, இவர்களுக்குக் கல்லும் கரடும். அப்புறம் அந்தக் கரட்டுக்கு அடியில் எண்ணெய் இருந்தது.

சாரா ரெக்டர் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1902-இல் பிறந்த சிறுமி. வருடத்துக்கு 30 டாலர் வரி கட்ட முடியாமல் அவளுடைய அப்பா நிலத்தை விற்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 1913-இல் அதே நிலத்தில் ஒரு கிணறு நாளுக்கு 2,500 பீப்பாய் பீறிட்டது. எட்டில் ஒரு பங்கு ராயல்டியில் அவளுக்கு நாளுக்கு 300 டாலர். பெற்றோர் உயிரோடு இருந்தும், அவளுடைய பணத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்காரர்தான் காப்பாளர். 1908 சட்டம் ஃப்ரீட்மென் நிலத்தை விற்பதற்கு இருந்த தடைகளை நீக்கி, சிறார் சொத்தைக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றங்களின் கையில் கொடுத்திருந்தது. எத்தனையோ குடும்பங்கள் நிலம் இழந்தது அந்த வழியாகத்தான். அதனால்தான் ஒரு உறை வந்தாலும் என் மாமியார் உடனே பேனாவை எடுப்பதில்லை.

சரி, உறைக்குள் என்ன இருந்தது? முதல் பக்கம் கடிதம். இரண்டாவது பக்கம் கட்டண ஒப்பந்தம். மூன்றாவது பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்ட ஒரு சிவப்பு ஒட்டுத்தாள், நோட்டரி முத்திரைக்கு ஒரு கட்டம், மேலே தலைப்பு மினரல் டீட். அதாவது பூமிக்கு அடியில் உள்ள உரிமையில் சரிபாதியை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்! தேடித் தருவதற்குக் கூலி மூன்றில் ஒரு பங்கு என்று கடிதம் சொல்கிறது, பத்திரமோ இனிமேல் என்றென்றைக்கும் வரப்போவதில் பாதியைக் கேட்கிறது. போன் செய்து கேட்டேன். அது வழக்கமான படிவம்தான், எல்லோரும் போடுகிறார்கள் என்றார் எதிர்முனையில் இருந்தவர். வைத்துவிட்டேன்.

பிறகு நாங்களே தேடினோம். மாநிலக் கருவூலத்தின் உரிமை கோரப்படாத சொத்துப் பக்கத்தில் பெயர் போட்டுத் தேட ஒரு பைசா செலவில்லை. மாமியாரின் பெயரில் ஒன்றும் இல்லை. 1988-இல் இறந்த அவருடைய அப்பா பெயரில், ஒரு எழுத்துப் பிழையோடு, மூன்று வரிகள். உங்கள் வீட்டிலும் தேடினால் செத்துப்போனவர்கள் பெயரையும், பெயரைத் தப்பாக எழுதக்கூடிய விதங்களையும் போட்டுத் தேடுங்கள்.

அடுத்தது கவுண்டி கிளார்க் அலுவலகம். இங்கே பத்திரங்களை ஆள் பெயரில் மட்டுமல்ல, நிலத்துண்டு வாரியாகவும் பதிந்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அது போலத்தான். நிலத்தின் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண் (நிலத்தை அளந்து பிரித்த கட்டங்களின் எண்கள்) கையில் இருந்தால் தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வரலாம். மாமியாரின் பாட்டி 1934-இல் மேல்நிலத்தை விற்றிருக்கிறார், ஆனால் அடியில் இருப்பதை விற்கவில்லை. அந்த வரியைத் தட்டச்சில் படித்துக் காட்டியபோது மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அங்கிருந்த எழுத்தர் அம்மா பொறுமையாக நாற்பது நிமிடம் எங்களோடு உட்கார்ந்தார். பிரதி எடுத்த காகிதத்துக்கு மட்டும்தான் காசு. நல்ல சேவை என்றால் இதைத்தான் சொல்வேன்.

இனி முக்கியமான விஷயம், அந்தத் தசம எண். காசோலையோடு வரும் சீட்டில் உங்கள் பங்கு என்று ஒரு நீளமான எண் இருக்கும், அதைத்தான் யாரும் சரிபார்ப்பதில்லை. எங்கள் கணக்கு இப்படி: எண்ணெய் எடுக்கும் 640 ஏக்கர் தொகுதியில் 160 ஏக்கர், எண்ணெய் நிறுவனத்தோடு போட்ட பழைய ஒப்பந்தப்படி ராயல்டி எட்டில் ஒன்று, பாட்டிக்கு நான்கு பிள்ளைகள், மாமியாரின் அப்பாவுக்கு ஆறு பிள்ளைகள், ஆகவே மாமியாருக்கு 24-இல் ஒன்று. பெருக்கினால் 0.00130208. மாதத்தில் அந்தத் தொகுதியிலிருந்து ஒரு லட்சம் டாலருக்கு எண்ணெய் விற்றால் அவருக்கு 130 டாலர். ஒப்பந்தம் 16-இல் 3 என்று இருந்திருந்தால் 195. இது பேராசை பிடித்த கணக்கு இல்லை. பாட்டி காலத்தில் பேரம் பேச ஆள் இல்லாமல் போட்ட ஒரு கையெழுத்து இன்னும் மாதாமாதம் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஓக்லஹோமா சட்டப்படி ராயல்டியைத் தாமதமாகக் கொடுத்தால் நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீதம் கூட்டு வட்டி தர வேண்டும், ஆனால் உரிமைப் பத்திரம் சுத்தமாக இல்லை என்றால் 2018 நவம்பர் வரை 6 சதவீதம்தான், அதற்குப் பிறகு வங்கிகளின் பிரைம் வட்டி விகிதம்தான். யாருடைய பத்திரம் சுத்தமாக இருக்காது? வக்கீலை நம்பாத, வக்கீலுக்குப் பணம் இல்லாத, உயில் எழுதாமலே நான்கு தலைமுறை கைமாறிய கறுப்பினக் குடும்பங்களின் பத்திரம்தான். பழைய அநியாயம் புது வட்டி விகிதமாக வந்து நிற்கிறது. மாமியாரின் அப்பா இறந்தபோது நீதிமன்றம் போய் வாரிசு தீர்க்காததால்தான் எங்கள் பணமும் நிறுத்தி வைக்கப்பட்டு, கடைசியில் மாநிலத்திடம் போய்ச் சேர்ந்தது.

எரிவாயுவாக இருந்தால் சீட்டில் பிடித்தங்களையும் பாருங்கள். குழாயில் சேர்ப்பது, அழுத்தம் ஏற்றுவது என்று பிடித்திருப்பார்கள். சந்தைக்குத் தயார் செய்யும் செலவைப் பொதுவாக உரிமையாளர் தலையில் கட்டக் கூடாது என்று 1998-இல் இம்மாநில உச்ச நீதிமன்றம் மிட்டல்ஸ்டாட் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்து மாறும், அதனால் பழைய ஒப்பந்தத்தின் பிரதியை எப்படியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலத்திடமிருந்து மாமியாரின் பங்காக வந்தது 1,140 டாலர். வாரிசு உறுதிமொழிப் பத்திரம், இறப்புச் சான்றிதழ்கள், ஏழு மாதக் காத்திருப்பு, மொத்தச் செலவு இருநூறுக்குள். மஞ்சள் உறைக்காரர்கள் இதில் 380 எடுத்திருப்பார்கள், அது போனால் போகட்டும் என்றுகூட விட்டுவிடலாம். பாதி உரிமையை எப்படி விடுவது? அது என் பிள்ளைகளுடையது.

போன வாரம் கன்சாஸ் சிட்டியில் இருக்கும் மாமியாரின் தங்கைக்கும் அதே உறை வந்திருக்கிறது. மூன்றாவது பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், சிவப்பு ஒட்டுத்தாள் அதே இடத்தில். மாமியார் உடனே போனை எடுத்து, "பேனாவைக் கீழே வை, நான் வருகிறேன்" என்றார். சனிக்கிழமை நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறேன், பிரதிகள் எல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருக்கின்றன.