கேப்பன்சிஸா, பர்மானியா? விதையிலிருந்து டிரோசீரா வளர்க்க எது நமக்குச் சரி

பூச்சியுண்ணும் தாவரம் வளர்க்க வேண்டும் என்று யாரிடம் யோசனை கேட்டாலும் முதலில் வரும் பெயர் டிரோசீரா கேப்பன்சிஸ். இலையில் நிற்கும் பசைத்துளிகளால் பூச்சி பிடிக்கும் செடிவகைதான் டிரோசீரா, கேப்பன்சிஸ் அதில் ஓர் இனம். எளிதில் சாகாது, விதை தூவினால் முளைத்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த யோசனை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஜன்னலோரம் தொட்டி வைத்து வளர்ப்பவர்களின் அனுபவத்திலிருந்து வந்தது. மே மாத இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத சென்னை வீட்டுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் சமவெளியில் விதையிலிருந்து தொடங்குகிறவருக்கு என் முதல் தேர்வு டிரோசீரா பர்மானி.

கேப்பன்சிஸின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. நாடா போன்ற நீண்ட இலைகள், அவற்றின் மேல்பாதி முழுக்க முடிபோல் நிற்கும் சிவந்த உணர்நீட்சிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. காலை வெயில் பட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பூச்சி ஒட்டியதும் இலையே மெதுவாக மடிந்து அதைச் சுற்றிக்கொள்ளும். பல ஆண்டு வாழும் செடி. தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டு, கேட்காமலே விதை தரும். மேலே எல்லாம் கருகிப்போனாலும் பருத்த வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இத்தனை குணமும் இருந்தும், வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பசைத்துளிகள் வற்றி, இலை சிறுத்து, செடி சோர்ந்துவிடுகிறது. வளர்ந்த செடி அந்தக் கோடையைத் தாண்டிவிடலாம். ஊசிமுனை அளவுள்ள நாற்று தாண்டுவது கடினம். பெங்களூர், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றால் யோசிக்கவே வேண்டாம், கேப்பன்சிஸ்தான்.

பர்மானி நம் மண்ணுக்குப் புதியதல்ல. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை, ஈரம் கசியும் சத்தற்ற மணல்வெளிகளில் தானாக வளர்கிறது. மண்ணோடு ஒட்டிய சிறு வட்டமாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் இலைகளை விரித்துக் கிடக்கும். பெரிய காட்சிப்பொருள் இல்லை. ஆனால் குனிந்து பாருங்கள். இலை விளிம்பில் மற்றவற்றைவிட நீண்ட உணர்நீட்சிகள் வரிசையாக வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் எறும்பு அதன் நுனியைத் தொட்டால், சில விநாடிகளுக்குள் அது உள்நோக்கி வளைந்து எறும்பை இலையின் நடுவே தள்ளிவிடும். கேப்பன்சிஸில் நிமிடக்கணக்கில், சில நேரம் மணிக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டியது இங்கே கண்முன்னே நடக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியவில்லை.

குறை என்றால் ஆயுள்தான். பர்மானி பெரும்பாலும் ஓராண்டுச் செடியாகவே வாழ்கிறது. விதைத்த ஆண்டுக்குள்ளேயே வெள்ளைப் பூ பூத்து, விதை கொட்டி, பலமுறை அதோடு முடிந்துவிடும். ஆகவே விதை சேர்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு இது ஏமாற்றம் தரும். பூத்தண்டு காய்ந்து பழுப்பானதும் அதன் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்லத் தட்டினால் கருந்தூளாக விதை விழும். பாதியை உடனே தூவிவிட்டு, மீதியைத் தாளில் மடித்துக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

விதை வேண்டாம், இலையை வெட்டிப் போட்டு வளர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இங்கே விடை இருக்கிறது. கேப்பன்சிஸ் இலையைத் தண்ணீரில் மிதக்கவிட்டாலே அதில் குட்டிச் செடிகள் முளைக்கும், வேர்த்துண்டும் துளிர்விடும். பர்மானியில் அந்த வழியை நம்ப முடியாது. அதற்கு விதைதான்.

மற்ற இனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பேச்சுலாட்டா இரண்டுக்கும் நடுவே நிற்கும் நல்ல செடி, கிடைத்தால் விடாதீர்கள். இண்டிகா நம் ஊரிலும் வளர்வதுதான், ஆனால் விதை முளைப்பதில் முரண்டு பிடிக்கும். நீலகிரிப் புல்வெளிகளில் காணப்படும் பெல்டாட்டா தரைக்கடியில் கிழங்கு வைத்துப் பருவத்துக்கு உறங்கி எழும் இனம். தொடக்கக்காரருக்கு அல்ல, காட்டிலிருந்து பிடுங்கி வருவதற்கும் அல்ல. ஐரோப்பாவின் ரொட்டுண்டிஃபோலியா விதைக்கு முளைக்கும் முன் வாரக்கணக்கில் குளிர் வேண்டும், செடிக்கு ஆண்டுதோறும் குளிர்கால உறக்கம் வேண்டும். சமவெளியில் அதைத் தொடவேண்டாம்.

இனத்தைத் தேர்ந்த பிறகு மண்கலவை. நான் வைக்கும் வரிசை இது: பீட் மாஸும் (சதுப்பில் மக்கிய பாசி) பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த லேசான வெள்ளைக் கல்துகள்) சரிபாதி கலந்தது முதலில், ஸ்பாக்னம் பாசி (மக்காத சதுப்புப் பாசி) இரண்டாவது, கோகோ பீட் (தென்னை நார்க்கழிவு) கடைசி. பீட் மாஸ் அமிலத்தன்மை உள்ளது, சத்து மிகக் குறைவு, மேற்பரப்பைச் சமமாகத் தட்டிவிட்டால் விதை வெளிச்சத்தில் நிற்கும். வாங்கும்போது உரம் சேர்க்காததா என்று பையைத் திருப்பிப் படியுங்கள். உரம் சேர்த்தது வேரைக் கருக்கிவிடும். ஸ்பாக்னம் ஆர்க்கிட் வளர்ப்போரிடம் கிடைக்கும், வளர்ந்த செடிக்கு அருமையானது. ஆனால் அதன் இழைகளின் இடுக்கில் விதை விழுந்து இருட்டில் மாட்டிக்கொள்ளும். உயிருள்ள பாசியாக இருந்தால் நாற்றையே மூடிவிடும். கோகோ பீட்டுக்காக நான் மனதார வாதாடியிருப்பேன், ஏனென்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த பீட் நிலங்களைத் தோண்டுவது எனக்கு உவப்பில்லை. சிக்கல் என்னவென்றால், தேங்காய் மட்டையை உப்புநீரில் ஊறவைக்கும் வழக்கத்தால் அந்த உப்பு நார்க்கழிவில் தங்கிவிடுகிறது. திரும்பத் திரும்ப அலசி, வடியும் நீரை, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரால் சோதித்து, பிறகு வளர்ந்த செடிக்குப் பயன்படுத்தலாம். விதைக்கு வேண்டாம். மண் தொட்டியும் வேண்டாம், சுவரில் உப்புப் பூக்கும். பிளாஸ்டிக்தான் நல்லது.

இந்தச் செடிகளைக் கொல்வதில் முதலிடம் தண்ணீருக்கு. குழாய் நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் நம் பெரும்பாலான ஊர்களில் கரைந்த உப்பு மிகுந்தவை. டிரோசீராவுக்கு அந்த உப்பு 50 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு) கீழே இருப்பது நல்லது. மழைநீருக்கு ஈடில்லை. ஆனால் சிமென்ட் தளத்தில் ஓடிவரும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் நேராக வானத்தைப் பார்க்க வாளிகளை வைத்துப் பிடித்து, கோடைக்கு மூடி வையுங்கள். ஆர்.ஓ. நீர் அடுத்தது. வீட்டு இயந்திரங்கள் பல, சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்ப்பதால் அளந்து பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். கேன் தண்ணீருக்கும் இதே விதி. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இருக்காது. ஆனால் தூசியும் உலோகத்துகளும் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அவசரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வேன். எந்த நீரானாலும் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினால் போதும். மேலிருந்து ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

விதைப்பு இரண்டு இனத்துக்கும் ஒன்றே. ஈரக் கலவையின் மேல் தூவ வேண்டும், மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் தேவை. தொட்டியின் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, நேர்வெயில் படாத ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் வைக்க வேண்டும், வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் நாளுக்கு 14 மணி நேரமும் போதும். மூடிய தொட்டியை வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பச்சைப் புள்ளிகள் தெரியும். முதல் இரு வித்திலைகள் சாதாரணமானவை. அடுத்து வரும் இலையை உருப்பெருக்கியில் பார்த்தால், அந்த அளவிலேயே நாலைந்து உணர்நீட்சிகள் பசையோடு நிற்கும். அதன் பிறகு மூடியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். ஒரேயடியாக எடுத்தால் நாற்று வாடும், மூடியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

தீனி கொடுக்கலாமா என்றால், கட்டாயம் கொடுக்கலாம். சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் 1877இல் ரொட்டுண்டிஃபோலியா செடிகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு இறைச்சித் துணுக்கு ஊட்டி, மற்றதைப் பட்டினி போட்டுப் பார்த்தார். ஊட்டியவை வளர்ச்சியில் மட்டுமல்ல, விதை விளைச்சலிலும் தெளிவாக முந்தின. ஆண்டுதோறும் விதையை நம்பி வாழும் பர்மானிக்கு இது இன்னும் பொருந்தும். மீன் தீவனத்தைப் பொடியாக்கி, ஊசி முனையில் தொட்டு, இலைக்கு ஒரு துகள் வைத்தால் போதும். அதிகம் வைத்தால் பூசணம் பூக்கும்.

விலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஏமாறும் வாய்ப்பும் இரண்டுக்கும் சமம். இணையத்தில் டிரோசீரா விதை என்று கடுகு அளவில் ஏதேனும் வந்தால் அது டிரோசீரா அல்ல. அசல் விதை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கேப்பன்சிஸ் விதை இரு முனையும் கூர்ந்த கதிர் வடிவம், பர்மானி விதை இன்னும் குட்டையான கரும்புள்ளி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும் என்பதால், உள்நாட்டில் வளர்ப்பவர் ஒருவரிடம் புதிதாகக் காய்த்த விதையைக் கேட்டு வாங்குவதே சுலபமான வழி.