டேங்க் மூலையில தேங்குதா: லித்தியம் ஊத்தறதா, சிஎஃப்டி மாடல் போடறதா?

திருப்பூர்ப் பக்கம் சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ற ஒரு பிளான்ட்டுல ரெண்டையும் பண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேனுங்க, நான் சிஎஃப்டி பக்கம், அதாவது டேங்க்ல தண்ணி எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்க்கறது. நொய்யல்ல சாயத்தண்ணி போகுதுன்னு 2011ல ஹைகோர்ட் பட்டறைகளை மூட வெச்ச ஊரு இது, டேங்க்ல ஒரு மூலை அழுகுனாலும் கடைசியில உப்பைப் பிரிக்கற ஆர்ஓ மெம்பரேன் தலையில தான் விடியும்.

ட்ரேசர் டெஸ்ட் சுலபம், தண்ணியோட கலந்து போற ஒரு அடையாளப் பொருளை இன்லெட்ல ஊத்தி அவுட்லெட்ல மணிக்கணக்கா சாம்பிள் எடுக்கணும். ஆனா நம்ம தண்ணிக்கு உப்பு ட்ரேசர் எடுபடாது, சாயம் போடறப்பவே உப்பு கொட்டறாங்க, கலர் ட்ரேசரும் அதே கதைதான், அதனால லித்தியம் குளோரைடு. 1200 கன மீட்டர் டேங்க்ல மணிக்கு 100 போனா 12 மணி நேரம் நிக்கணும், டெஸ்ட்ல 9 வந்தா கால்வாசி இடம் செத்துக் கெடக்குன்னு அர்த்தம். எவ்வளவுன்னு தெரிஞ்சுரும், எந்த மூலைன்னு தெரியாது.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ஒரே விசயம்தானுங்க, மாத்திப் பார்க்கறது. பட்டறைத் தண்ணி வந்துட்டே இருக்கும், டேங்க்கைக் காலி பண்ணி தடுப்புச் சுவர் கட்டி அது சரியில்லீன்னா இடிக்கவா முடியும்? ஓப்பன்ஃபோம்ங்கற சிஎஃப்டி சாஃப்ட்வேர் இலவசம், லேப்டாப்ல ராத்திரி ஓட விட்டா காலையில ரிசல்ட். சுவரை ஆறு இடத்துல வெச்சுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் தேங்கற இடம் அக்கட்டால நகர்ந்துச்சே தவிர போகல, அப்பறம் சுவரே வேண்டாம்னு இன்லெட் பைப்புக்கு ஒரு பெண்டு போட்டு மூலையைப் பார்த்துத் திருப்புனா, நேரா அவுட்லெட்டுக்கு ஓடிட்டு இருந்த தண்ணி சுத்தி வர ஆரம்பிச்சுது. நெசத்துல பெண்டு மாட்டறதுக்கு முன்னாடி மாடல்ல நீலமா, அதாவது தண்ணி நகராத இடமா, வந்த மூலையில நீளமான பைப்பை விட்டுப் பார்த்தோம், முழங்கால் அளவுக்குச் சேறு.

மெஷ்ஷை, அதாவது மாடல்ல டேங்க்கைப் பிரிக்கற கட்டங்களை, இன்னும் பொடுசாக்கி ஓட்டியும் தேங்கற இடம் மாறாம இருக்கான்னு கட்டாயம் பார்த்துக்கோங்க, இல்லீன்னா கலர் படத்தை நம்பி ஏமாந்துருவீங்க. காத்துக் குமிழி வர்ற ஏரேஷன் டேங்க் நான் ஒண்ணே ஒண்ணுதான் பண்ணிருக்கேன், சேறை அடியில படிய விடற கிளாரிஃபையர் பண்ணதே இல்ல, அதுக்கு என் பேச்சை மட்டும் வெச்சு முடிவெடுக்காதீங்க.

லித்தியத்தை நாங்க அடியோட விடல, பெண்டு மாட்டுன பொறகு ஒரு தடவை ஊத்தி சரிபார்த்தோம், 9 இருந்தது 11க்கு வந்துச்சு.